சூளைக்குப் போகும் கடல்

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த ஓர் எலும்பின் நீளம் 2 மீட்டர். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் இருக்கும் எலும்பு அது, காலின் கீழ்ப்பாதி மட்டும். அதே விலங்கின் இடுப்பெலும்பு 1.2 மீட்டர். தொடையெலும்பின் கீழ்முனை 75 சென்டிமீட்டர் அகலம். தரையில் வாழ்ந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று என்று சொல்லப்படும் அர்ஜென்டினாசாரஸின் கீழ்க்கால் எலும்பு ஒன்று 1.55 மீட்டர்தான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பி. யாதகிரி, கே. அய்யாசாமி இருவரும் 1987-ல் கல்லமேட்டு விலங்குக்கு ப்ருஹத்காயோசாரஸ் மேட்லேயி என்று பெயர் வைத்தார்கள். முதலில் அதை ஊன் தின்னும் டைனோசர் என்று எண்ணினார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள இலைதின்னி வகையான டைட்டனோசராகத்தான் இருக்க வேண்டும் என்ற கருத்து வலுத்தது. 2023-ல் வெளியான ஒரு கணிப்பு அதன் எடையை 110 முதல் 170 டன் என்று சொல்கிறது. அது சரியாக இருந்தால், நீலத் திமிங்கிலத்தோடு எடையில் போட்டியிடக்கூடிய ஒரு தரைவிலங்கு அரியலூர்ப் பக்கம் நடந்திருக்கிறது.

சரிதானா என்று பார்க்க இப்போது வழியில்லை. அந்த எலும்புகள் இன்று இல்லை.

அய்யாசாமியும் பீட்டர் கால்டனும் 2017-ல் எழுதிய கட்டுரை இதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. எடுத்த இடத்திலிருந்து அலுவலகத்துக்கு வந்து சேருவதற்குள்ளேயே எலும்புகள் நொறுங்கத் தொடங்கி, கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. 1987-ல் வந்த கட்டுரையில் இருந்தவை கோட்டோவியங்கள். புகைப்படம் இல்லாததால், அது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரமாக இருக்கலாம் என்று வெளிநாட்டில் சிலர் ஐயப்பட்டார்கள். அய்யாசாமியும் இன்னொருவரும் 2022-ல் பழைய படங்கள் சிலவற்றை வெளியிட்ட பிறகு அந்த ஐயம் ஓரளவு தணிந்தது. அதற்குமேல் யாராலும் எதுவும் செய்ய முடியாது. எடுத்து அளக்கவும், குறுக்கே வெட்டி உள்ளமைப்பைப் பார்க்கவும் ஒரு துண்டுகூட இல்லை.

இதை ஒரு விபத்து என்று ஒதுக்கிவிடக் கூடாது. கல்லமேட்டு மண்ணின் இயல்பு அது. ஆறு கொண்டுவந்து போட்ட மணலும் களியும்தான் அங்கே அடுக்கு. சரியாக இறுகிக் கல்லாகாத அடுக்கு. மழை பெய்தால் களி ஊறி உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். உள்ளே கிடக்கும் எலும்பும் அதோடு சேர்ந்து ஈரமாகி, காய்ந்து, ஆயிரம் விரிசல் விட்டுப்போகும். மண்ணுக்குள் இருக்கும்வரை சுற்றியுள்ள களி அதைப் பிடித்துவைத்திருக்கிறது. வெளியே எடுத்தால் பிடிமானம் போய்விடும். இப்படிப்பட்ட எலும்பை எடுக்கிறவர்கள் முதலில் தூரிகையால் மண்ணைத் தள்ளி, அசிட்டோனில் கரைத்த அக்ரிலிக் பிசினைச் சொட்டுச் சொட்டாக விரிசலுக்குள் விடுவார்கள். அது காய்ந்த பிறகு மேலும் கொஞ்சம் தோண்டுவார்கள். பிறகு ஈரத்தாள் ஒட்டி, அதன்மேல் சாக்குத்துணியும் பிளாஸ்டர் மாவும் சேர்த்துக் கட்டுப்போட்டு, சுற்றியுள்ள மண்ணோடு கட்டியாகவே பெயர்ப்பார்கள். ஒரு பெரிய எலும்புக்கு இந்த வேலை நாள்கணக்கில் ஓடும். இதற்கான ஆளும் பொருளும் பணமும் அந்தந்த வட்டாரத்திலேயே தயாராக இல்லாவிட்டால், அடுத்த மழையில் வெளியே தலைகாட்டும் எலும்புக்கும் இதே கதிதான்.

தலைகாட்டும் என்பதில் சந்தேகம் வேண்டாம். சி. ஏ. மேட்லி என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் 1929-லேயே இந்த வட்டாரத்து டைனோசர் எலும்புகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ப்ருஹத்காயோசாரஸின் இரண்டாம் பெயர் அவர் நினைவாக வைத்தது. கல்லமேட்டிலிருந்து 2001-ல் ஓர் ஆமை அறிவியலுக்கு அறிமுகமானது: கூர்மதெமிஸ் கல்லமேடென்சிஸ். 2013-ல் வெளியானது இன்னும் வியப்பானது. சல்லடையில் சலித்துக் கழுவிய மண்ணிலிருந்து நுண்ணோக்கியில் பொறுக்கிய பற்களில் ஒன்று ட்ரூடான்டிட் என்ற சிறு டைனோசர் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரியவந்தது. வட கண்டங்களில் மட்டுமே வாழ்ந்ததாக அதுவரை நம்பியிருந்த குடும்பம் அது. மடகாஸ்கரில் கிடைத்த சிமோசூக்கஸ் என்ற முதலைக்கு நெருங்கிய ஒன்றின் பல்லும் அதே மண்ணில் கிடைத்தது. அரியலூருக்கும் மடகாஸ்கருக்கும் இருந்த பழைய உறவுக்கு ஒரு கைப்பிடி மண் சாட்சி சொல்கிறது. அந்த மண்ணை வீட்டு அஸ்திவாரத்துக்கோ சாலை மேட்டுக்கோ அள்ளிப்போட்டால் தடுக்கக் காரணம் எதுவும் அங்கே எழுதி ஒட்டப்படவில்லை.

கல்லமேடு ஒரு நீண்ட வரிசையின் கடைசிக்கு முந்தைய அடுக்கு. பழைய திருச்சி மாவட்டத்தின் இந்தப் பாறைகளை 1862-ல் எச். எஃப். பிளான்போர்டு முறையாக வகைப்படுத்தி ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். இன்றைக்கும் உலகப் புவியியல் ஏடுகளில் அந்தப் பெயர்கள்தான். மேற்கே கெட்டியான பழம்பாறை. அதன் ஓரத்தில் ஊட்டத்தூர் தொகுதி. அங்கிருந்து கிழக்கே அடுக்குகள் மெல்லச் சரிந்து இறங்குகின்றன. அதனால் காரையில் தொடங்கிக் கிழக்கே நடந்தால் காலத்தில் பின்னாலிருந்து முன்னால் வரலாம். காரையின் களிப்பாறை சுமார் 10 கோடி ஆண்டுப் பழமை. கருடமங்கலம், சில்லக்குடி தாண்டிக் கல்லங்குறிச்சிக்கு வரும்போது 7 கோடி ஆண்டு வரை வந்துவிடுகிறோம். அங்கே ஆழமில்லாத கடல். ஓட்டக்கோவிலில் கரை நெருங்குகிறது. கல்லமேட்டில் கடல் விலகி ஆறு ஓடுகிறது. நின்னியூரில் மறுபடி கடல் புகுகிறது, ஆனால் அது வேறு உலகம்: டைனோசர்களும் அம்மோனைட்டுகள் என்ற சுருளோட்டுக் கடலுயிரிகளும் அழிந்து போன பிறகு வந்த கடல். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகம் முழுவதும் நேர்ந்த அந்தப் பேரழிவின் முன்னும் பின்னும், ஒரே மாவட்டத்துக்குள், பேருந்தில் போய் இறங்கும் தூரத்தில் இருக்கின்றன.

இதே வயதுப் பாறைகள் காவிரி டெல்டாவின் அடியிலும் இருக்கின்றன. வண்டலுக்குக் கீழே, எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்களின் துளைகளில் மட்டும் தட்டுப்படும் ஆழத்தில். அவை மிகுதியாக மேலே எட்டிப் பார்க்கும் இடம் இந்த ஓரப்பட்டைதான். சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த கேய், கன்லிஃப் இருவரும் இந்தப் பாறைகளில் சேகரித்து அனுப்பிய சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் லண்டனில் விவரித்தார். 1860-களிலும் 70-களின் தொடக்கத்திலும் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா கல்கத்தாவில் உட்கார்ந்து தொகுதி தொகுதியாக எழுதினார். ஊட்டத்தூர் பெயரில் யூட்டடூரிசெரஸ் என்று ஓர் அம்மோனைட் பேரினமே இருக்கிறது. அரியலூர் பெயர் தாங்கிய ஓர் அம்மோனைட்டை ஜப்பானிலும் அடையாளம் கண்டிருக்கிறார்கள். வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவருக்குத் தன் ஊர்ப் பாறையின் வயதில் ஐயம் வந்தால், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மூலப்பாறை நம்மிடம் இருக்கிறது. அந்த மூலம் எவ்வளவு காலம் இருக்கும் என்பதே என் கவலை.

கல்லங்குறிச்சியைப் பலருக்குக் கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலால் தெரியும். சிமென்ட் தொழிலுக்கு அந்தப் பெயர் வேறொரு காரணத்துக்காகத் தெரியும். அந்த அடுக்கின் சுண்ணாம்புக்கல் முக்கால்வாசி ஓடுகள்தான். கிரிஃபியா என்ற தடித்த சிப்பி, உள்ளங்கை அகலத்துக்கு, ஒன்றின்மேல் ஒன்றாக, கரைபோட்டதுபோல் கிடக்கிறது. சுரங்கச் சுவரின் அருகே நின்றால் சிப்பியின் வளைந்த முதுகும், அதன் வளர்ச்சி வரிகளும், வாழ்ந்த காலத்தில் அதன்மேல் ஒட்டிக்கொண்ட புழுக்கூடுகளும் தெரியும். சில இடங்களில் ஐனோசெரமஸ் என்ற இன்னொரு சிப்பியின் ஓடுகள் நார் நாராகப் பிளந்து நிற்கும். நடுநடுவே கடல்முள்ளெலி. எந்த அடுக்கில் சிப்பிகள் வாய் மேல்நோக்கிக் கிடக்கின்றன, எதில் உடைந்து கலைந்து கிடக்கின்றன என்று பார்த்து, அன்றைக்குக் கடல் அமைதியாக இருந்ததா, புயல் அடித்ததா என்று படிக்க முடியும்.

அந்த ஓடுகள்தான் சிமென்டின் மூலப்பொருள். வெடி வைத்து, உடைத்து, அரைத்து, சுமார் 1450 டிகிரி வெப்பத்தில் சூளையில் சுட்டால் கிளிங்கர்; அதை அரைத்தால் சிமென்ட். தூய கால்சியம் கார்பனேட் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு நிற்கும், 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே போய்விடும். 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு சிப்பி கடல்நீரிலிருந்து எடுத்துத் தன் ஓட்டில் பூட்டிவைத்த கரி, ஒரே நாளில் காற்றில் கலக்கிறது. பொதுவாக எந்தச் சுரங்கத்திலும் கல் போகும். கல்லோடு சேர்ந்து புதைபடிவமும் போகும். இங்கே புதைபடிவமே கல். எடுக்கும் ஒவ்வொரு டன்னும் பதிவேட்டின் ஒரு பக்கம்.

சுரங்கத்தால் அறிவியலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கல்லக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் 1953-ல் டால்மியாபுரம் என்ற பெயரை எதிர்த்து நடந்த போராட்டம் நினைவுக்கு வரும். புவியியல் படித்தவருக்கு அங்குள்ள பவளமும் பாசியும் கட்டிய பழங்காலத் திட்டுப்பாறை நினைவுக்கு வரும். 10 கோடி ஆண்டுக்கும் முந்தைய அந்தக் கடலடிக் கட்டுமானம் இயற்கையாக வெளியே தெரிந்தது மிகச் சொற்பம்; சுரங்கம் வெட்டிய சுவரில்தான் அதை அடி முதல் தலை வரை பார்க்க முடிந்தது. ஆக, வெட்டுகிறவன்தான் திறந்தும் காட்டுகிறான். சிக்கல் திறந்த பிறகு வருகிறது. சுவர் ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் நகர்கிறது. நேற்று ஆய்வாளர் அளந்த இடம் இன்று காற்றுவெளி. கல் தீர்ந்த பள்ளத்தில் நீர் தேங்கிவிட்டால் கீழடுக்குகள் மூழ்கிவிடும். மேலடுக்குகள் சரிந்து புல் மூடிவிடும். வெட்டும்போது பதிவு செய்யாததை, பள்ளம் மூடிய பிறகு எவராலும் பதிவு செய்ய முடியாது.

காரையில் நடப்பது வேறு மாதிரி. காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் இடையில் செடி கொடி அதிகம் ஒட்டாத செம்மஞ்சள் களிமேடுகள். நூற்றுக்கணக்கான ஓடைகள் அறுத்துப்போட்ட நிலம். ஜிப்சம் தகடுகள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். கையில் எடுத்தால் தோட்டாவைப் போலிருக்கும் பெலம்னைட்டுகள் தரையில் சிதறிக் கிடக்கும். கணவாயின் பழைய உறவினமான ஒரு கடலுயிரியின் உள்ளெலும்பு அது. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையும் புதிதாகச் சிலவற்றை வெளியே கொண்டுவருகிறது, பழையவற்றை உடைத்து ஓடையில் தள்ளுகிறது. இந்த நிலக்காட்சி சமூக ஊடகங்களில் பிரபலமான பிறகு ஆட்கள் வருகிறார்கள். வருவது நல்லதுதான். வருகிறவர் சட்டைப்பையில் ஓர் அம்மோனைட்டைப் போட்டுக்கொண்டு போவதுதான் கெடுதல்.

ஒன்றை எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பார்கள். அம்மோனைட் வகைகள் வேகமாகத் தோன்றி வேகமாக மறைந்தவை. அதனால்தான் அவற்றை வைத்துப் பாறையின் வயதைக் கணிக்கிறார்கள். எந்த அடுக்கில், தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில், எதற்கு மேலே, எதற்குக் கீழே கிடந்தது என்பது தெரிந்தால் அந்த அம்மோனைட் ஒரு கடிகாரம். அது தெரியாமல் வரவேற்பறை அலமாரியில் இருந்தால் அழகான ஒரு கல். அதைத் திரும்பக் கொண்டுபோய்க் காரையிலேயே போட்டாலும் சரியாகாது, எந்த அடுக்கு என்று யாருக்கும் தெரியாது.

அறியாமையால் வரும் ஆபத்து இன்னொரு பக்கம். 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. அவை அம்மோனைட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு இறுகி உருண்ட கட்டிகள் என்று நிபுணர்கள் விளக்கினார்கள். முட்டை இல்லை என்று தெரிந்ததும் ஆர்வம் வடிந்தது. உண்மையில் அப்படிப்பட்ட கட்டிக்குள் இருக்கும் அம்மோனைட் பெரும்பாலும் நசுங்காமல் முழுசாக இருக்கும். ஆய்வாளருக்கு அது பெரிய பொருள். பரபரப்பு இருந்தால் கூட்டம் வந்து உடைக்கிறது, பரபரப்பு போனால் யாரும் காப்பதில்லை.

இதே அரியலூர் மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அந்தக் கோயிலின் சுவரில் ஒரு கல்லைப் பெயர்த்தால் 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம் பாயும், பாய வேண்டும். ஆயிரம் ஆண்டுப் பழமைக்கு அந்தக் காவல் உண்டு. 7 கோடி ஆண்டுப் பழமைக்கு இருப்பது ஒரு பட்டியல். புவியியல் ஆய்வுத் துறை, தேசியப் புவியியல் சின்னங்கள் என்று சில இடங்களை அறிவித்திருக்கிறது. காரை–கொளக்காநத்தம் பகுதி அதில் இருக்கிறது. சாத்தனூர் கல்மரமும் இருக்கிறது. புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ல் அடையாளம் கண்ட அந்த 18 மீட்டர் நீள மரத்துக்கு வேலி போட்டு, பலகை வைத்துக் காத்ததால், இன்றும் அது ஓடையில் படுத்திருக்கிறது. வேலி இருந்தால் காக்க முடியும் என்பதற்குச் சாத்தனூரே சான்று. ஆனால் களிமேடுகள் பரந்த நிலம். அங்கே வேலியைவிடச் சட்டம்தான் உதவும். புவிமரபு இடங்களையும் புதைபடிவங்களையும் காக்க மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் ஒரு மசோதாவின் வரைவை மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. இப்படியொரு தனிச் சட்டம் தேவைப்படுகிறது என்பதை அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் அந்த வரைவை நான் படிக்கிறேன்.

சுண்ணாம்பையும் எடுத்துக்கொண்டு பதிவையும் காப்பாற்ற முடியுமா? கல்லங்குறிச்சி அடுக்கு சேர்ந்த காலப்பகுதிக்கு மாஸ்ட்ரிக்டியன் என்று பெயர்; நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரால் வந்தது. அந்தக் காலப்பகுதிக்கே முன்மாதிரியான பாறைவெட்டு இருக்கும் இடமும் ஒரு சிமென்ட் ஆலையின் சுண்ணாம்புச் சுரங்கம்தான். 1998-ல் அங்கே ஒரு மோசசார், அதாவது கடல்வாழ் பெரும்பல்லியின் எலும்புக்கூடு, கிடைத்தது. அதை முறையாக எடுத்து அந்நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். 2018-ல் சுண்ணாம்பு எடுப்பதை நிறுத்தினார்கள். பள்ளத்தை மக்கள் போய்வரும் இயற்கைப் பகுதியாக மாற்றும் ஏற்பாட்டை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டார்கள். சுவர்கள் இன்றும் வெளியே தெரிகின்றன. ஒரே வயதுப் பாறை, ஒரே தொழில். அரியலூரில் முடியாதது என்று எதுவும் அதில் இல்லை.

இங்கே அதற்கான வாசல் ஏற்கனவே திறந்திருக்கிறது. சுண்ணாம்புக்கல் பெருங்கனிமம், அதை வெட்ட இந்தியச் சுரங்கப் பணியகத்தின் ஒப்புதல் பெற்ற சுரங்கத் திட்டம் வேண்டும், சுரங்கத்தை மூடும் திட்டமும் வேண்டும். மூடும் திட்டத்தில் மரம் நடுவது, வேலி, நீர்நிலை எல்லாம் வருகிறது. அடி முதல் தலை வரை அடுக்குகள் தெரியும் ஒரு சுவரை வெட்டாமல் விடுவது என்ற ஒரே வரி சேர்ந்தால் போதும். ஒரு பள்ளத்துக்கு முப்பது மீட்டர் அகலச் சுவர் விட்டால் எந்த ஆலையும் மூடிவிடாது. வெட்டும்போது ஒவ்வொரு படியையும் படமெடுத்து, அடுக்கு வாரியாகக் கல் எடுத்து, வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் எண் போட்டு வைப்பதற்குப் பக்கத்துக் கல்லூரிகளின் புவியியல் மாணவர்கள் போதும்.

கல்லமேட்டுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அங்கே ஆண்டுதோறும் ஜனவரியில், மழை ஓய்ந்து ஓடைக்கரைகள் புதிதாக அறுபட்டிருக்கும்போது, பிசினும் பிளாஸ்டரும் கையில் உள்ள ஒரு குழு நடந்து பார்க்க வேண்டும். வயலில் எலும்பைப் பார்க்கும் விவசாயி அதைத் தோண்டாமல், பக்கத்தில் ஒரு பேனாவோ செருப்போ வைத்து அளவு தெரியப் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் போதும். அவரிடமிருந்து அது யாருக்குப் போக வேண்டும் என்பதை மாவட்ட நிர்வாகம் முன்கூட்டியே எழுத்தில் தந்திருக்க வேண்டும்.

சுரங்கத் திட்டங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபார்வைக்கு வருகின்றன. கல்லங்குறிச்சி, நின்னியூர் அடுக்குகளில் குத்தகை வைத்திருக்கும் ஆலைகளின் திட்டங்கள் அடுத்த முறை மேசைக்கு வரும்போது, எந்தச் சுவர் நிற்கப்போகிறது என்று கேட்க வேண்டிய இடம் அதுதான்.